பொது நிரலுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்: டேட்டா குழுக்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டேட்டா குழுக்களை நடத்தும் தலைவர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். டேட்டா ஸ்கிரிப்ட், அதாவது தரவைக் கையாளும் சின்ன நிரல்கள், எழுதிப் பிழைப்பவர்களில் நானும் ஒருத்தி. சாஸ், எஸ்க்யூஎல், பைத்தான் என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. வேலை அப்படியேதான் இருக்கிறது. எங்கிருந்தோ வரும் ஃபைலைப் படிக்க வேண்டும், தேதிகளைச் சீர் செய்ய வேண்டும், விடுபட்ட மதிப்புகளைக் கவனிக்க வேண்டும், கூட்டிக் கழித்து ஓர் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். இதில் புதிதாக யோசிக்க வேண்டியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஏற்கனவே யாரோ ஒருவர் எழுதி வைத்தது.

அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தக் கேள்வி வருகிறது: "இதை ஏன் ஆளாளுக்குத் தனியாக எழுதுகிறீர்கள்? பொதுவாக ஒரு ஃபங்ஷன் போட்டுவிட்டால் என்ன?" நியாயமான கேள்விதான், ஃபங்ஷன் என்பதே ஒருமுறை எழுதி வைத்து வேண்டும்போது பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு. ஆனால் அதற்கான பதிலில் பாதி உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

காப்பி-பேஸ்ட் செய்பவர்கள் சோம்பேறிகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் பார்த்தவரை அப்படியில்லை. 'பொது' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டர் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. அதில் இருக்கும் ஃபங்ஷனை யார் எழுதினார், எந்தெந்த ஸ்கிரிப்ட் அதை அழைக்கிறது, ஒரு வரியை மாற்றினால் நாளை காலை எந்த அறிக்கை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் கை வைத்து ஏதாவது நின்றுபோனால் தொட்டவர் தலையில்தான் விழும். அந்த ஃபங்ஷனைத் தன் ஸ்கிரிப்டுக்குள் காப்பி எடுத்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. பொறுப்பாளர் இல்லாத இடத்தில் காப்பி எடுப்பதுதான் விவரமான செயல். நல்ல ப்ரோக்ராமர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

அதற்காக அதில் நஷ்டமில்லை என்று சொல்ல வரவில்லை. உங்கள் குழுவின் ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடத்தில் 25569 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஒரு நாள் எண்ணாக வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 1970 ஜனவரி 1 என்பது 25569. பல கருவிகள் பின்பற்றும் யூனிக்ஸ் நேரக் கணக்கு அந்த நாளில் தொடங்குகிறது. அதனால் எக்செல் ஃபைலிலிருந்து வந்த எண்ணை வேறு கருவிக்குக் கொண்டுபோக யாரோ ஒருவர் 25569-ஐக் கழித்திருப்பார். சாஸ் புழங்கும் இடமென்றால் 3653-ஐயும் தேடுங்கள். சாஸ் தன் நாட்களை 1960 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது. அதற்கும் 1970-க்கும் இடையில் 3653 நாட்கள். இந்த எண்கள் எத்தனை ஸ்கிரிப்டில் ஒரு விளக்க வரிகூட இல்லாமல் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது 1904 கணக்கில் சேமித்த ஓர் எக்செல் ஃபைல் வந்து சேர்கிறது என்று வையுங்கள். பழைய மேக் கணினிகளில் எக்செல் அந்த வருடத்திலிருந்துதான் நாட்களை எண்ணியது. அந்த ஏற்பாடு இன்றும் அமைப்புகளுக்குள் ஒரு தேர்வாக இருக்கிறது. வழக்கமான கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் 1462 நாட்கள், அதாவது நான்கு வருடமும் ஒரு நாளும். ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாது. எல்லாத் தேதியும் ஒழுங்கான தேதியாகவே வரும், நான்கு வருடம் முந்தைய தேதியாக. ஒருவர் கண்டுபிடித்துத் தன் ஸ்கிரிப்டில் சரி செய்வார். மற்ற ஸ்கிரிப்டுகளில் அதே தப்பு அடுத்த ஃபைலுக்காகக் காத்திருக்கும். 'எக்செல் தேதியை மாற்று' என்று ஒரே ஒரு ஃபங்ஷன் இருந்தால், எந்தக் கணக்கு என்பதை அதற்கு ஒரு பாராமீட்டராக (அழைக்கும்போது தரும் மதிப்பாக) கொடுத்து, ஓர் இடத்தில் திருத்தி முடித்திருக்கலாம்.

இதுவரை சொன்னது உங்களுக்கும் தெரிந்ததே. அடுத்தது கொஞ்சம் சிக்கல்.

நீங்கள் ஃபங்ஷன், மேக்ரோ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். இரண்டுமே ஒருமுறை எழுதிப் பலமுறை பயன்படுத்துவதற்குத்தான். ஆனால் நடத்தை வேறு. ஃபங்ஷன் ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு ஒரு மதிப்பைத் திருப்பித் தரும். உள்ளே என்ன பெயர் வைத்தாலும் அது வெளியே கசியாது. மேக்ரோ அப்படியில்லை, நிரல் ஓடுவதற்கு முன்பே அது நிரலை எழுதிக் கொடுக்கிறது. நீங்கள் கொடுப்பது மதிப்பு என்று நினைப்பீர்கள், அது வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். சி மொழி படித்தவர்கள் எல்லோரும் இந்த உதாரணத்தைப் பார்த்திருப்பார்கள்: 'வர்க்கம்(அ)' என்ற மேக்ரோவுக்கு 'அ * அ' என்று பொருள் எழுதிவிட்டு, வர்க்கம்(1 + 2) என்று அழைத்தால் 9 வராது. மேக்ரோ அதை 1 + 2 * 1 + 2 என்று விரிக்கும்; விடை 5. அடைப்புக்குறி போட்டால் இது தீரும். தீராத வேறு சங்கதிகள் இருக்கின்றன.

சாஸ் மேக்ரோவில் நடப்பதைப் பாருங்கள். ஒரு மேக்ரோவுக்குள் 'ஐ' என்று ஓர் எண்ணியை வைத்து 1 முதல் 10 வரை சுற்றுகிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பொது ஃபோல்டரிலிருந்து இன்னொரு மேக்ரோவை அழைக்கிறீர்கள். அதை எழுதியவரும் 'ஐ' என்றே பெயர் வைத்து, 1 முதல் 5 வரை சுற்றியிருக்கிறார்; அதை 'லோக்கல்' என்று, அதாவது இந்த மேக்ரோவுக்குள் மட்டுமே செல்லும் பெயர் என்று, அறிவிக்கவில்லை. சாஸ் அதை உங்கள் 'ஐ' என்றே எடுத்துக்கொள்ளும். உள் மேக்ரோ முடியும்போது 'ஐ' 6-இல் நிற்கும். வெளிச்சுற்று அதை 7 ஆக்கும், 7 என்பது 10-க்குள் இருக்கிறதே என்று மறுபடி உள்ளே போகும், மறுபடி 6, மறுபடி 7. யாராவது நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மேக்ரோவையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டும் சரியாகவே வேலை செய்யும், அதுதான் கொடுமை. 'லோக்கல்' என்ற ஒரு வரி இருந்திருந்தால் போதும். பொது மேக்ரோவை இன்னொருவர் படித்துப் பார்க்க நேரம் ஒதுக்கியிருந்தால் அந்த வரி வந்திருக்கும்.

எல்லாக் கருவியும் இப்படி இல்லை. பெரிய தரவைக் கையாளும் அப்பாச்சி பிக் என்ற கருவியின் 0.9 பதிப்பில் மேக்ரோ வந்தபோது, மேக்ரோவுக்குள் இருக்கும் பெயர்களை விரிக்கும்போதே வேறு பெயராக மாற்றிவிடும்படி அதை அமைத்தார்கள். இந்தக் கசிவு அங்கே இல்லை. அதே வகைக் கருவியான ஹைவில் வேறு மாதிரி: 0.12 பதிப்பில் வந்த மேக்ரோ தற்காலிகமானது, அந்த அமர்வு முடிந்ததும் மறைந்துவிடும். அதனால் மேக்ரோவின் வரையறையையே ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் ஒட்டி வைப்பவர்கள் உண்டு. காப்பி-பேஸ்டை ஒழிக்க வந்ததையே காப்பி-பேஸ்ட் செய்வது, நம் தொழிலுக்கே உரிய வேடிக்கை.

எனக்கு மேக்ரோ பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். டேபிளின் பெயரோ நெடுவரிசையின் பெயரோ மாறிக்கொண்டே இருந்து, செய்யும் வேலை மட்டும் ஒன்றாக இருந்தால், பல கருவிகளில் ஃபங்ஷனால் ஒன்றும் செய்ய முடியாது. மேக்ரோதான் ஒரே வழி. மாதத்துக்கு ஒரு டேபிள் என்று பிரித்து வைத்திருக்கும் தரவை ஒன்றாகக் கோர்ப்பதற்கு மேக்ரோவைவிட நல்லது எதுவும் இல்லை. என் பழக்கம் இது: ஃபங்ஷனால் முடியுமா என்று முதலில் பார்ப்பேன், முடியாவிட்டால்தான் மேக்ரோ. மேக்ரோ எழுதினால், அது விரிந்து கிடைக்கும் நிரலை எடுத்துப் பார்த்துவிடுவேன். சாஸில் எம்பிரிண்ட் என்ற ஆப்ஷன் அதை லாகில் காட்டும், பிக்கில் டிரைரன், எஸ்க்யூஎல் எழுத உதவும் டிபிடி என்ற கருவியில் கம்பைல். விரித்த நிரலைப் படிக்காமல் மேக்ரோவுக்கு ரிவ்யூ ஒப்புதல் கொடுப்பது கையெழுத்துப் போடுவதோடு சரி.

அப்புறம் வேகம். கணினிச் செலவுக்கு உங்களுக்கு மாதா மாதம் பில் வருகிறதே, அந்தச் சங்கதி. சொந்தமாக ஃபங்ஷன் எழுதச் சொல்லும் நீங்களே, "இந்த க்வெரி ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது?" என்று இன்னொரு கூட்டத்தில் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில், ஒற்றை மதிப்பைத் திருப்பித் தரும் சொந்த ஃபங்ஷனை ஒரு க்வெரிக்குள் (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளைக்குள்) வைத்தால், நெடுங்காலம் அது வரிசைக்கு ஒருமுறை என்று தனித்தனியாக ஓடியது. அந்த க்வெரி பல பிராசசர்களில் பிரிந்து ஓடவும் முடியாது. 2019 பதிப்பில்தான் அப்படிப்பட்ட ஃபங்ஷன்களில் தகுதியானவற்றை க்வெரிக்குள்ளேயே விரித்துவிடும் வசதி வந்தது. பல கணினிகளில் தரவைப் பிரித்து ஓட்டும் ஸ்பார்க்கில் சாதாரண பைத்தான் ஃபங்ஷனைக் கொடுத்தால், ஒவ்வொரு மதிப்பும் ஜாவா பக்கத்திலிருந்து பைத்தான் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அதைவிட மோசம், உள்ளே என்ன நடக்கிறது என்பது, க்வெரியை வேகமாக ஓட்ட வழி தேடும் ஆப்டிமைசருக்குத் தெரியாது. தேவையில்லாத வரிசைகளை முன்கூட்டியே வடிகட்டிவிடலாம் என்று அதனால் யோசிக்க முடியாது. 2018-இல் வந்த ஸ்பார்க் 2.3 பதிப்பிலிருந்து பாண்டாஸ் (பைத்தானின் தரவு நூலகம்) ஃபங்ஷனாகக் கொடுத்து மதிப்புகளைக் கற்றை கற்றையாக அனுப்பலாம். செலவு குறையும், ஆனால் ஆப்டிமைசரின் கண் அப்போதும் கட்டியே இருக்கும்.

இதனால்தான் அனுபவமுள்ள ஒருவர் பொது ஃபங்ஷனை எடுத்துவிட்டு அதன் உள்ளடக்கத்தை க்வெரிக்குள் நேராக எழுதுகிறார். ஒழுக்கக்கேடு என்று அவரைத் திட்டாதீர்கள். அவர் கையால் செய்ததைத்தான் மேக்ரோ தானாகச் செய்யும். அது விரிந்த பிறகு ஆப்டிமைசர் பார்ப்பது சாதாரண எஸ்க்யூஎல்தான், கூடுதல் செலவு கிடையாது. ஒரே விதியை மெதுவான ஃபங்ஷனாகவும் வேகமான மேக்ரோவாகவும் எழுத முடியும் என்றால், எதை எங்கே வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து அளந்து முடிவு செய்ய வேண்டும். அதை யார் செய்வது? இப்போது உங்கள் திட்ட அட்டவணையில் அந்த வேலைக்கு ஒரு வரி இருக்கிறதா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சில பொது ஃபங்ஷன்களை எங்களால் எழுதவே முடியாது, நீங்கள் முடிவு சொல்லும் வரை.

'வயது 18-க்குக் குறைவு' என்று ஒரு விதி. இதைவிட எளிதாக ஒன்று இருக்க முடியாது. வயது பதிவாகாத ஒருவர் தரவில் இருக்கிறார். சாஸில் விடுபட்ட எண் என்பது எல்லா எண்ணையும்விடச் சிறியது. அதனால் அவர் 18-க்குக் குறைந்தவர் ஆகிவிடுவார். பாண்டாஸில், வழக்கமான ஃப்ளோட் (தசம எண்) நெடுவரிசையில், அதே ஒப்பீடு 'இல்லை' என்று சொல்லும். 'குறைந்தவர்கள்' போக மீதிப் பேரை எடுத்தால் அவர் பெரியவர்களோடு வந்து நிற்பார். எஸ்க்யூஎல்லில் 18-க்குக் குறைந்தவர்களை ஒரு க்வெரியிலும், 18-உம் அதற்கு மேலும் உள்ளவர்களை இன்னொரு க்வெரியிலும் எடுத்தால், இரண்டிலும் அவர் இருக்கமாட்டார். சாஸில் சிறுவர், பாண்டாஸில் பெரியவர், எஸ்க்யூஎல்லில் ஆளே இல்லை. மூன்று ஸ்கிரிப்டிலும் எழுதியிருப்பது ஒரே விதி, ஒரே ஒப்பீட்டுக் குறி.

ரவுண்ட் செய்வதும் இப்படித்தான். பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்ட் செய்தால் 2, எக்செல்லில் 3. பைத்தான் சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகிறது, எக்செல் பூஜ்யத்திலிருந்து விலக்கித் தள்ளுகிறது. இரண்டுமே சரியான முறைகள்தான். உங்கள் அறிக்கையில் எது சரி என்பதைப் பைத்தானோ எக்செல்லோ சொல்லாது.

வயது தெரியாதவரை எந்தப் பக்கம் சேர்ப்பது, அரைப் பங்கை எந்தப் பக்கம் தள்ளுவது, நிதியாண்டு எந்த மாதத்தில் தொடங்குகிறது, ஒரு வாடிக்கையாளரை எப்போதிலிருந்து 'செயலில் இல்லாதவர்' என்று சொல்வது: இவையெல்லாம் நிரல் கேள்விகள் மாதிரித் தோன்றும். உண்மையில் உங்கள் மேசைக்கு வர வேண்டியவை. நீங்கள் முடிவு செய்யாததால் ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி முடிவு செய்கிறார்கள், பல சமயம் முடிவு செய்கிறோம் என்று தெரியாமலே. பிறகு இரண்டு டேஷ்போர்டில் இரண்டு எண் வந்தால் "எது சரி?" என்று எங்களை அழைக்கிறீர்கள்.

மூன்று மொழிகளில் வேலை நடக்கும் குழுவில் ஒரே ஃபங்ஷனை எல்லோருக்கும் பொதுவாக்குவது கடினம். பொதுவாக்கக்கூடியது ஒன்று உண்டு: ஒரு சின்ன டெஸ்ட் டேபிள். ஒரு பக்கம் உள்ளே போகும் மதிப்பு, மறுபக்கம் வர வேண்டிய விடை. வயது 17, 18, விடுபட்டது, பூஜ்யம், தப்பாகப் பதிவான 999. ஒவ்வொன்றுக்கும் எதிரே எதிர்பார்க்கும் விடை. சாஸ் மேக்ரோவோ, பைத்தான் ஃபங்ஷனோ, எஸ்க்யூஎல்லோ, அந்த டேபிளில் தேறினால்தான் உள்ளே வரலாம். அந்த விடைகளின் கீழ் உங்களில் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும்.

பழைய நிரலைப் புதிய இடத்தில் பயன்படுத்தும்போது எழுதாமல் விட்ட அனுமானம் என்ன செய்யும் என்பதற்கு ஏரியான் 5-ஐவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1996 ஜூன் 4 அன்று அந்த ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 வினாடி வாக்கில் சிதறியது. திசையையும் வேகத்தையும் கணிக்கும் மென்பொருள் ஏரியான் 4-லிருந்து எடுத்தது, அங்கே ஒழுங்காக வேலை செய்தது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் அதில் இருந்தது. 16 பிட்டில் அதிகபட்சம் 32767. ஏரியான் 4-இன் பாதையில் மதிப்பு அந்த எல்லையைத் தாண்டாது. ஏரியான் 5 அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது, தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு ஏரியான் 5 தரையிலிருந்து கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது என்பது இன்னொரு வேதனை. நம் ஸ்கிரிப்ட் தவறினால் ராக்கெட் விழாது, சரி. ஆனால் 'மதிப்பு இதற்கு மேல் போகாது' என்ற அனுமானம் நம் பொது ஃபோல்டரிலும் நிறைய இருக்கிறது, எங்கேயும் எழுதப்படாமல்.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1949-இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டுகளைக் காகித நாடாவில் துளையிட்டு ஒரு நூலகமாகச் சேர்த்து வைத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும் என்று எழுதியும் வைத்தார்கள். நாம் அந்தக் குறிப்பை எழுதுவதற்கு நேரமில்லை என்கிறோம்.

எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. இதைச் சொல்லாவிட்டால் இந்த மடலைப் படித்துவிட்டு நாளையே "எல்லாவற்றையும் பொதுவாக்குங்கள்" என்று உத்தரவு போட்டுவிடுவீர்கள். பொது ஃபங்ஷனுக்கு ஒருவர் வந்து "என் அறிக்கைக்கு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி" என்கிறார், ஓர் 'ஆம்/இல்லை' பாராமீட்டர் சேர்கிறது. அடுத்தவர் வருகிறார், இன்னொன்று. அப்படி ஆறு சேர்ந்தால் மொத்தம் 64 விதமாக அதை அழைக்கலாம். எத்தனை விதத்துக்கு டெஸ்ட் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று தனி ஃபங்ஷனாகப் பிரிப்பதே நல்லது. கொஞ்சம் வரிகள் திரும்ப வந்தாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்கிரிப்டில் ஒரே மாதிரி நான்கு வரி இருப்பதற்காகவும் யாரையும் விரட்ட வேண்டாம். மூன்றாவது இடத்தில் தேவைப்படும்போது, எது உண்மையில் பொது, எது தற்செயலாக ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். அப்போது எடுத்து எழுதினால் போதும். 'மறுபயன்பாட்டு விகிதம்' என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்து அதை இலக்காக வைப்பது மட்டும் தயவுசெய்து வேண்டாம். அந்த எண்ணை உயர்த்த நாங்கள் என்னென்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பொது ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேக்ரோவுக்கும் ஒரு பெயர் வேண்டும். குழுவின் பெயர் போதாது, ஆளின் பெயர். அந்த ஆளின் வேலை நேரத்தில் அதற்கான பங்கு, மற்ற வேலை போக மிஞ்சும் நேரமாக இல்லாமல், திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். மாற்றம் வரும்போது பழைய பதிப்பு கொஞ்ச காலம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கிரிப்டும் எந்தப் பதிப்பை அழைக்கிறது என்று சொல்லி அழைக்க வேண்டும். அப்படி இருந்தால், பொது ஃபைல் மாறியதால் நாளைக் காலை அறிக்கை நிற்கும் என்ற பயம் இல்லாமல் காப்பியை விட்டுவிடுவோம். விதி சார்ந்த கேள்விகளுக்கு உங்கள் பதில் எழுத்தில் வேண்டும், வாய்வார்த்தை வேண்டாம். பொறுப்பாளர் வேலை மாறிப் போகும்போது அவருடைய லேப்டாப்பைத் திரும்ப வாங்கும் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: அவர் பெயரில் இருக்கும் ஃபங்ஷன்கள், இனி யார் பெயரில்.

டெஸ்ட் டேபிள்களை நாங்கள் தயார் செய்கிறோம். விடைப் பக்கத்தைக் காலியாக விட்டு அனுப்புவோம், நிரப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கிரிப்ட் எழுதுபவர்களில் ஒருத்தி